ஜாஸ் ஜாமில் முதன்முறை வாசிக்க: எட்டு வாரத் தயாரிப்பும் மேடை நடைமுறையும்

ஜாஸ் ஜாமில், அதாவது வந்தவர்கள் மேடையேறிச் சேர்ந்து வாசிக்கும் கூட்டத்தில், ஒத்திகை கிடையாது. முன்பின் அறியாத நான்கைந்து பேர் மேடையேறுவார்கள். ஒருவர் பாட்டின் பெயரையும் கீயையும் (ஆதார சுருதியையும்) சொல்வார், இன்னொருவர் எண்ணுவார், இசை தொடங்கிவிடும். பாட்டின் மெலடி, கார்ட் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டு) வரிசை, ஒரு சுற்றுக்கு எத்தனை பார் (இங்கே நான்கு பீட் கொண்ட தாள அளவு) என்ற கணக்கு ஆகிய மூன்றும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால்தான் இது நடக்கிறது. புதிதாக வருபவர்கள் ஸ்கேல்களையும் வேகமான லிக்குகளையும் (தயாராக வைத்திருக்கும் சிறு சொற்றொடர்களையும்) மாதக்கணக்கில் தேய்த்துவிட்டு வருகிறார்கள். மேடையில் அவர்களைக் கவிழ்ப்பது மூன்றாவதாகச் சொன்ன கணக்கு. சோலோ சுமாராக இருந்தாலும் சுற்றில் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தவரை மறுபடியும் கூப்பிடுவார்கள். அபாரமாக வாசித்தும் இரண்டு பார் முன்னாலேயே சுற்றை முடித்துக்கொள்பவரோடு வாசிக்க யாருக்கும் பிடிக்காது. அதனால் கீழே சொல்லும் பயிற்சிகளில் பெரும்பகுதி அந்தக் கணக்கைப் பற்றியது.

மேடையில் காதில் விழும் சொற்கள் சில. பாட்டின் மெலடிதான் ஹெட். பாட்டின் கார்ட் வரிசை ஒருமுறை முழுதாகச் சுற்றி வருவது ஒரு கோரஸ். அந்தச் சுற்றின் அமைப்பு ஃபார்ம். கார்ட் வரிசையைச் சேஞ்சஸ் என்பார்கள். சோலோ வாசிப்பவருக்குப் பின்னணியில் கார்ட் கொடுப்பது கம்பிங். கர்நாடக இசை பழகியவர்கள் கோரஸை நீண்ட ஆவர்த்தனமாக எண்ணிக்கொள்ளலாம்: 32 பார், பாருக்கு 4 பீட், மொத்தம் 128 பீட். இந்த ஆவர்த்தனத்தைக் கையில் தாளம் போட்டு யாரும் காட்டமாட்டார்கள். மனதுக்குள் ஓட வேண்டும்.

முதலில் வாத்தியம் இல்லாமல் போய் வாருங்கள்

எல்லா ஜாமும் ஒரே மாதிரி இல்லை. ஞாயிறு மதியம் காபிக்கடையில் நடப்பது புதியவர்களுக்கானதாக இருக்கலாம். நியூயார்க்கின் ஸ்மால்ஸ் போன்ற கிளப்பில் நள்ளிரவை ஒட்டித் தொடங்கும் ஜாமுக்கு அன்றைய கச்சேரியை முடித்துவிட்டு வரும் தொழில்முறைக் கலைஞர்கள் வரிசையில் நிற்பார்கள். பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான், தரம் வேறு. 1940களின் தொடக்கத்தில் ஹார்லெமின் மிண்டன்ஸ் ப்ளேஹவுஸில் தெலோனியஸ் மங்க் பியானோவிலும் கென்னி கிளார்க் டிரம்ஸிலும் இருந்த காலத்தில், கூட வாசிக்க லாயக்கற்றவர்களை விரட்டுவதற்கென்றே கடினமான சேஞ்சஸும் அசாத்திய வேகமும் வைப்பார்கள் என்று சொல்வதுண்டு. அதற்கும் முன்பு, 1936இல் கான்சாஸ் நகரத்து ரீனோ கிளப்பில் பிற்காலத்தில் சாக்ஸ் மேதையான, அப்போது பதின்ம வயது சார்லி பார்க்கர் ஜாமில் தடுமாறியபோது டிரம்மர் ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றித் தரையில் எறிந்தார். இன்று யாரும் எதையும் எறிவதில்லை. அடுத்த முறை உங்கள் பெயரைக் கூப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் முதல் தடவை பார்வையாளராகப் போய், ஒரு சிறு நோட்டில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

- எந்தெந்தப் பாட்டுகளை அழைத்தார்கள், எந்தக் கீயில், என்ன வேகத்தில்
- ஒருவர் எத்தனை கோரஸ் சோலோ எடுக்கிறார்
- தாளோ டேப்லெட்டோ வைத்துப் பார்க்க அனுமதி உண்டா
- அங்கே என்ன இருக்கிறது: நிஜப் பியானோவா கீபோர்டா, பேஸ் ஆம்ப், கிட்டார் ஆம்ப், டிரம் செட்
- பெயர் கொடுக்கும் தாள் எங்கே இருக்கிறது, யார் கூப்பிடுகிறார்

பொதுவாக வீட்டு இசைக்குழு, அதாவது அந்த இடத்தின் நிரந்தர மூவரோ நால்வரோ, முதலில் முக்கால் மணி நேரம் தாங்களே வாசிப்பார்கள். பிறகு மேடையைத் திறந்துவிடுவார்கள். வருபவருக்கு இரண்டு பாட்டு என்பது பரவலான வழக்கம். இரண்டு முறை போய்க் குறித்தால் திரும்பத் திரும்ப வரும் பாட்டுகள் தெரிந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் "கட்டாயம் தெரிய வேண்டிய நூறு பாட்டு" பட்டியலைவிட இந்த ஒரு பக்கக் குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

நான்கு பாட்டு போதும்

எட்டு வாரத்தில் முப்பது பாட்டை அரைகுறையாகத் தொடுவதைவிட நான்கை நன்றாகத் தெரிந்துகொள்வது மேல். பெரும்பாலான ஜாம்களில் செல்லுபடியாகும் நான்கு இவை: எஃப் கீயில் ஒரு ப்ளூஸ், சி மைனரில் "ப்ளூ போசா", ஜி மைனரில் "ஆட்டம் லீவ்ஸ்", டி மைனரில் "ஸோ வாட்". நான்கும் நான்கு வேறு அமைப்புகள், நான்கு வேறு பொறிகள்.

ப்ளூஸ் முதல் இரண்டு வாரத்துக்கு. ஹெட்டுக்கு சார்லி பார்க்கரின் "நவ்ஸ் த டைம்" எடுத்துக்கொள்ளலாம். அதுவும் கஷ்டமென்றால் ட்யூக் எலிங்டனின் "சி ஜாம் ப்ளூஸ்": மெலடியில் இரண்டே ஸ்வரம், கீ மட்டும் சி. எஃப் ப்ளூஸின் 12 பாரும் ஜாஸ் மேடையில் ஏறக்குறைய இப்படி ஓடும்:

பார் 1 முதல் 4: எஃப் 7, பி ஃப்ளாட் 7, எஃப் 7, எஃப் 7
பார் 5 முதல் 8: பி ஃப்ளாட் 7, பி ஃப்ளாட் 7, எஃப் 7, டி 7
பார் 9 முதல் 12: ஜி மைனர் 7, சி 7, எஃப் 7 உடன் டி 7, ஜி மைனர் 7 உடன் சி 7

ராக் ப்ளூஸ் வாசித்துப் பழகிய கிட்டார்காரர்கள் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, எட்டாவது பார். அவர்கள் கை எஃப் 7இலேயே உட்கார்ந்திருக்கும், பியானோ டி 7க்குப் போயிருக்கும். அந்தப் பாரில் எஃப் ஷார்ப்பைத் தொட்டு ஒன்பதாவது பாரில் ஜிக்கு ஏறினால், சேஞ்சஸ் உங்கள் காதில் விழுகிறது என்பது மேடையில் இருக்கும் எல்லோருக்கும் புரிந்துவிடும். ஒரே ஒரு ஸ்வரம்தான், பலன் பெரிது. இரண்டு, 11, 12ஆம் பார்கள். இங்கே கார்ட்டுகள் பாருக்கு இரண்டாக நகர்வதால் அடுத்த கோரஸ் தொடங்கிவிட்டது என்ற மயக்கம் வரும். இரண்டு பார் முன்னால் குதித்தவர் அதன்பின் ஒவ்வொரு கார்ட்டிலும் தவறாகவே இருப்பார்.

"ப்ளூ போசா" கென்னி டோர்ஹாம் எழுதியது. ஜோ ஹெண்டர்சனின் 1963 பதிவு வழியாகப் பரவியது. 16 பார் மட்டுமே. ஸ்விங் (நெடிலும் குறிலுமாக ஊசலாடும் நடை) கிடையாது, எட்டாம் ஸ்வரங்கள், அதாவது அரை பீட் ஸ்வரங்கள், சம இடைவெளியில் வர வேண்டும். ஸ்விங் பழகிய கை இங்கேயும் நொண்டியடிக்கும், கவனியுங்கள். முதல் எட்டு பார் சி மைனர். 9 முதல் 12 வரை டி ஃப்ளாட் மேஜர். கடைசி நான்கில் மறுபடி சி மைனர். மெட்ரோனோமில் 140 என்றால் ஒரு கோரஸ் 27 விநாடியில் முடிந்துவிடும். அந்த நான்கு பார் டி ஃப்ளாட் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. எட்டாவது பாரில் இருக்கும்போதே கையை அங்கே கொண்டுபோகத் தயாராக வேண்டும்.

"ஆட்டம் லீவ்ஸ்" 32 பார். முதல் எட்டு பார் அப்படியே ஒருமுறை திரும்பி வரும், பிறகு வேறு எட்டு, அதன்பின் இன்னொரு எட்டு. 1958இல் கேனன்பால் அடர்லியும் மைல்ஸ் டேவிஸும் சேர்ந்து பதிவு செய்தது ஜி மைனரில். ஜாம்களிலும் பெரும்பாலும் அதே கீ. சில தாள்களில் ஈ மைனரில் இருக்கும். தாளைப் பார்த்து ஈ மைனரில் மட்டும் கற்றுவிட்டு மேடையில் விழிப்பது அடிக்கடி நடக்கும் விபத்து.

"ஸோ வாட்" 1959ஆம் ஆண்டு மைல்ஸ் டேவிஸ் பதிவு. பார்ப்பதற்கு இதுதான் சுலபம்: டி மைனரில் 16 பார், அரை ஸ்வரம் ஏறி ஈ ஃப்ளாட் மைனரில் 8, மறுபடி டி மைனரில் 8. ஆனால் கூட்டிப் பாருங்கள். கடைசி எட்டும் அடுத்த கோரஸின் முதல் பதினாறும் சேர்ந்து, 24 பார் ஒரே கார்ட் ஓடும். கார்ட் மாறாததால் காதுக்கு அடையாளக்கல் எதுவும் இல்லை. அனுபவசாலிகளே வழிதவறும் இடம் இது. எட்டு எட்டாக எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. எட்டுப் பாரையும் ஒரே மூச்சு வாக்கியமாக உணரும்வரை விரலை மடக்கித்தான் எண்ண வேண்டும்.

இந்த நான்கும் கைக்கு வந்தபின் அடுத்த கதவு பி ஃப்ளாட்டில் "ரிதம் சேஞ்சஸ்". ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930இல் எழுதிய "ஐ காட் ரிதம்" பாட்டின் கார்ட் வரிசை அது. அதன்மேல் எழுதப்பட்ட வேறு மெலடிகள் ஏராளம். ஒன்றைக் கற்றால் பல பாட்டில் உட்காரலாம். முதல் ஜாமுக்கு அவசியமில்லை.

ஒரு பாட்டைக் கற்கும் வரிசை

தாளிலிருந்து தொடங்காதீர்கள். ஜாஸ்காரர்கள் பலரும் கையில் வைத்திருக்கும் ரியல் புக் என்ற பாட்டுத்தாள் தொகுப்பு, 1970களின் நடுவில் பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரி மாணவர்கள் திருட்டுத்தனமாக அச்சிட்டுச் சுற்றுக்கு விட்டது. உரிமம் பெற்ற பதிப்பு 2004இல்தான் வந்தது. அதில் பதிவுகளோடு ஒத்துப்போகாத இடங்கள் பல உண்டு. தாள் ஞாபகத்துக்கு உதவும். பாட்டு இருப்பது பதிவில்.

முதல் படி, ஒரே பாட்டின் மூன்று வெவ்வேறு பதிவுகளைக் கேளுங்கள். அந்தப் பாட்டுக்கு வரிகள் உண்டென்றால் ஒன்றாவது பாடகர் பாடியதாக இருக்கட்டும். பாடகர்கள் மெலடியை அதிகம் சிதைப்பதில்லை.

இரண்டாவது, வாத்தியத்தைத் தொடாமல் மெலடியை வாயால் பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. நடுப்பகுதி எப்படித் தொடங்கும் என்று யோசிக்காமல் பாட வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். டிரம்மர்களும் பேஸ்காரர்களும் இதைத் தவிர்க்கிறார்கள். தவிர்க்கக் கூடாது. சோலோ நடக்கும்போது மனதுக்குள் ஓடும் மெலடியே இடத்தைக் காட்டும் வழிகாட்டி.

மூன்றாவது, மெலடியை வாத்தியத்தில் வாசியுங்கள். நான்காவது, ஒவ்வொரு கார்ட்டின் மூல ஸ்வரத்தை மட்டும் வாசித்து முழுச் சுற்றையும் கடந்துவாருங்கள்.

ஐந்தாவது படிதான் சோலோவுக்கு அடித்தளம். ஒவ்வொரு கார்ட்டின் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்களை மட்டும் இணைத்துக்கொண்டு போவது. "ஆட்டம் லீவ்ஸ்" முதல் பார்களில் சி மைனர் 7, எஃப் 7, பி ஃப்ளாட் மேஜர் 7, ஈ ஃப்ளாட் மேஜர் 7, ஏ மைனர் 7 ஃப்ளாட் 5, டி 7, ஜி மைனர் என்று போகிறது. இதில் ஒரு கோடு ஈ ஃப்ளாட், ஈ ஃப்ளாட், டி, டி, சி, சி, பி ஃப்ளாட் என்று இறங்கும். இன்னொரு கோடு பி ஃப்ளாட், ஏ, ஏ, ஜி, ஜி, எஃப் ஷார்ப், கடைசியில் ஜி. எந்த ஸ்வரமும் ஒரு படிக்குமேல் தாவவில்லை. இந்த இரண்டு கோடுகளையும் அரை பாருக்கு ஒரு ஸ்வரமாக வாசித்தாலே கேட்பவருக்குக் கார்ட் மாறுவது தெரியும். இதன்மேல் தாளத்தை மாற்றி, பக்கத்து ஸ்வரங்களைச் சேர்த்துக்கொண்டே போனால் சோலோ தானாக உருவாகும். ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டும் சோலோவைவிட இது பலமடங்கு இசையாகக் கேட்கும்.

மெட்ரோனோமும் சுற்றுக் கணக்கும்

நம் காது சமத்தில் விழுந்து பழகியது. முதல் பீட்டில்தான் தட்டத் தோன்றும். ஸ்விங்கில் கைதட்டலும் விரல் சொடுக்கும் டிரம்ஸின் ஹை-ஹாட் சிம்பலும் இரண்டிலும் நான்கிலும் விழும். ஆகவே மெட்ரோனோமை வேண்டிய வேகத்தில் பாதியில் வையுங்கள். 120 வேகத்துக்கு 60. அந்த ஒலியை "இரண்டு, நான்கு" என்று எடுத்துக்கொண்டு வாசியுங்கள். முதல் சில நாள் ஒலி ஒன்றுக்கும் மூன்றுக்கும் புரண்டுவிடும். புரண்டால் நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். பழகியபின் பாருக்கு ஒரே ஒலி, அதுவும் நான்காவது பீட்டில் மட்டும் என்று வைத்துப் பாருங்கள். உங்கள் தாளம் எங்கே விரைகிறது என்று அப்பட்டமாகத் தெரியும். பெரும்பாலும் சொற்றொடர்களுக்கு நடுவே உள்ள மௌனத்தில்தான் விரையும். வாசிக்கும் இடத்தில் அவ்வளவாக விரையாது.

சுற்றுக் கணக்குக்கு இரண்டு சோதனைகள். பின்னணித் தடத்தை ஓடவிட்டு, ஒலியை எட்டுப் பாருக்கு முழுதாக அடைத்துவிட்டு, வாசித்துக்கொண்டே இருந்து மறுபடி திறந்து பாருங்கள். அதே இடத்தில் இருக்கிறீர்களா? அடுத்தது, துணை எதுவும் இல்லாமல் தனியே ஹெட், மூன்று கோரஸ் சோலோ, ஹெட் என வாசித்து ஃபோனில் பதிவு செய்யுங்கள். மறுநாள் அந்தப் பதிவைக் கேட்கும்போது சுற்றின் எந்தப் பாரில் வாசிக்கிறீர்கள் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியவில்லையென்றால் அந்தப் பாட்டு இன்னும் தயாராகவில்லை. ஜாமில் அதை அழைக்காதீர்கள்.

ஐரியல் ப்ரோ போன்ற செயலிகள் பின்னணிக்கு நல்லவை. ஆனால் அவற்றில் கார்ட் மட்டும்தான், மெலடி இல்லை. மேடையில் ஃபோனைப் பார்த்துச் சமாளிக்கலாம் என்று போனவர் ஹெட் வரும்போது கையைப் பிசைவார். இன்னொரு குறை: செயலியின் டிரம்மர் உங்களைக் கேட்பதே இல்லை. நீங்கள் தடுமாறினாலும் அது தன்பாட்டுக்குப் போகும். மனிதர்கள் உங்களோடு சேர்ந்து தடுமாறுவார்கள்.

கீ மாற்றமும் கைச்சாடையும்

மேடையில் சொல்லும் கீ பியானோவின் கீ. டெனர் சாக்ஸும் டிரம்பெட்டும் ஒரு முழு ஸ்வரம் மேலே வாசிக்க வேண்டும்: எஃப் என்றால் ஜி, பி ஃப்ளாட் என்றால் சி, சி மைனர் என்றால் டி மைனர், ஜி மைனர் என்றால் ஏ மைனர். ஆல்டோ சாக்ஸுக்கு எஃப் என்றால் டி, பி ஃப்ளாட் என்றால் ஜி, சி மைனர் என்றால் ஏ மைனர், ஜி மைனர் என்றால் ஈ மைனர். ஆல்டோக்காரர் "என் கீ ஈ மைனர்" என்று பியானோக்காரரிடம் சொன்னால் குழப்பம் உறுதி. பியானோவின் கீயை மட்டுமே வாயில் சொல்லுங்கள்.

சத்தத்தில் பேச முடியாதபோது விரலால் காட்டுவார்கள். கீழ்நோக்கிய விரல்கள் ஃப்ளாட்டுகளின் எண்ணிக்கை: ஒன்று எஃப், இரண்டு பி ஃப்ளாட், மூன்று ஈ ஃப்ளாட். மேல்நோக்கினால் ஷார்ப்புகள்: ஒன்று ஜி, இரண்டு டி. சோலோக்களின் நடுவில் யாராவது நான்கு விரலை உயர்த்தினால் அது கீ அல்ல, டிரம்மருடன் நான்கு நான்கு பாராகப் பரிமாறப் போகிறோம் என்று பொருள். தலையைத் தட்டிக் காட்டினால் ஹெட்டுக்குத் திரும்புகிறோம். சந்தேகமிருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிடுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு இல்லை.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்

டிரம்மர்: சொந்தக் குச்சிகள் ஒரு ஜோடிக்கு மேல், பிரஷ் ஒரு ஜோடி. பிரஷ் இல்லாமல் வந்தவர் பேலட் (மெதுவான பாட்டு) அழைக்கப்பட்டதும் மாட்டிக்கொள்வார். இருக்கை உயரத்தை மாற்றலாம், தோல்களின் சுருதியைத் தொடக் கூடாது. இடக்கைப் பழக்கமுள்ளவர் செட்டைத் திருப்புவதற்கு முன் உரியவரிடம் கேட்க வேண்டும்.

கிட்டார்: சொந்தக் கேபிள் இரண்டு, ட்யூனர். எஃபெக்ட் பெடல் வரிசையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அடுத்தவர் காத்திருக்கும்போது அதை விரித்து மாட்ட ஐந்து நிமிடம் ஆகும்.

ஊதுபவர்கள்: ரீட் இரண்டு மூன்று, கழுத்துப்பட்டை, வாத்தியத்தை வைக்க ஸ்டாண்ட். குளிரூட்டிய அறையில் உலோகம் குளிர்ந்து சுருதி இறங்கும். உங்கள் முறைக்குச் சற்று முன் வெளியே போய் ஊதிச் சூடேற்றிக்கொண்டு வந்து பியானோவோடு சேர்த்துப் பாருங்கள். மேடையை ஒட்டி நின்று, வேறொருவர் வாசிக்கும்போது சோதித்துப் பார்க்காதீர்கள்.

பாடகர்கள்: தங்கள் கீயில் எழுதிய தாள் மூன்று பிரதி, பியானோவுக்கும் பேஸுக்கும் கிட்டாருக்கும். இரண்டு பக்கமென்றால் பக்கவாட்டில் ஒட்டுங்கள், பின்பக்கம் அச்சிட வேண்டாம். "பெண்குரல் கீ" என்று ஒரு கீ உலகத்தில் இல்லை, எழுத்தைச் சொல்லுங்கள். வேகத்தையும் நீங்களே பாடிக் காட்ட வேண்டும்.

அன்று மாலை

தொடங்குவதற்கு அரைமணி முன்னதாகப் போய்ப் பெயர் கொடுங்கள். நடத்துபவரிடம் முதல் தடவை என்று சொல்லிவிட்டு, தெரிந்த நான்கு பாட்டையும் பெயர் சொல்லுங்கள். நல்ல நடத்துபவர் அதற்கேற்ற ஆட்களோடு சேர்த்துவிடுவார். தெரிந்ததுபோல நடிப்பதால் கிடைப்பது ஒன்றுமில்லை. குடிக்க ஏதாவது வாங்குங்கள், காபியானாலும் சரி. ஜாம் நடக்க இடம் கொடுப்பது அந்த வியாபாரம்தான்.

மேடையில் பாட்டை நீங்கள் அழைக்க நேர்ந்தால் நான்கு விஷயம் சொல்ல வேண்டும்: பெயர், கீ, நடை (ஸ்விங்கா, போசாவா, பேலடா), எப்படித் தொடங்குவது. தொடக்கத்துக்குப் பாதுகாப்பான வழி, பியானோ கடைசி எட்டுப் பாரை முன்னுரையாக வாசிப்பது. எண்ணுவதற்கு முன் மெலடியில் ஸ்வரங்கள் நெருக்கமாக வரும் இரண்டு பாரை மனதுக்குள் பாடிப் பாருங்கள். வாசிக்க முடிகிற வேகம் அதிலிருந்து கிடைக்கும். பதற்றத்தில் எல்லோரும் பத்து இருபது புள்ளி கூட்டித்தான் எண்ணுவார்கள். எண்ணுவது இரண்டு பார்: முதல் பாரில் "ஒன்... டூ..." என்று இரண்டு பீட்டுக்கு ஒன்றாக, இரண்டாம் பாரில் "ஒன் டூ த்ரீ ஃபோர்" என நேராக.

ஹெட் முடிந்ததும் சோலோக்கள். முன்வரிசையில் நிற்கும் ஊதுவாத்தியங்கள் முதலில், பிறகு கிட்டார், பியானோ, கடைசியில் பேஸ் என்பது பொதுவான வரிசை. எத்தனை கோரஸ் எடுப்பது? கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 வேகத்தில் 32 பார் கோரஸ் ஒன்றுக்கு 64 விநாடி. மேடையில் ஐந்து பேர், ஆளுக்கு மூன்று என்றால் சோலோ மட்டும் 16 நிமிடம். கேட்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். 32 பார் பாட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு, ப்ளூஸுக்கு மூன்று நான்கு போதும். முதல் கோரஸ் நன்றாக அமைந்துவிட்டால் அத்தோடு நிறுத்துவது நல்லது. பெரும்பாலானோருடைய மூன்றாவது கோரஸ் முதலாவதை மறுபடி சொல்வதாகத்தான் இருக்கும். முடிக்கும்போது கோரஸின் கடைசி எட்டில் சத்தத்தைக் குறைத்து, அடுத்தவரைப் பார்த்துத் தலையசையுங்கள். கோரஸ் நடுவில் நிறுத்திவிட்டு நகர்வது அடுத்தவரைக் குழியில் தள்ளுவது போல.

பிறர் சோலோவின்போது என்ன செய்கிறீர்கள் என்பதையும் கவனிப்பார்கள். பியானோவும் கிட்டாரும் ஒரே நேரத்தில் கம்பிங் செய்தால் கார்ட்டுகள் மோதும். ஒருவர் வாசிக்க மற்றவர் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம், கோரஸுக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளலாம். பேஸ் இருக்கும்போது மூல ஸ்வரத்தை விட்டுவிட்டு மூன்று ஸ்வரம் போதும். பேஸ் சோலோவில் பாருக்கு ஒரு கார்ட் கொடுத்தாலே அதிகம்.

டிரம்மருடன் நான்கு நான்காகப் பரிமாறுவது தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிப்பதற்கு நெருக்கமானது. ஒரு வித்தியாசம், குறைப்பில்போல அளவு குறைந்துகொண்டே வராது, நான்கு பார் நான்காகவே நிற்கும். 32 பாரில் எட்டு நான்குகள், கணக்கு சீராக விழும். ப்ளூஸில்தான் வினை: 12 பாரில் மூன்றே நான்குகள். முதல் கோரஸ் நீங்கள், டிரம்மர், நீங்கள் என்று போனால், அடுத்த கோரஸின் தொடக்கம் டிரம்மருடையது. அது தெரியாமல் புதுக் கோரஸ் என்றால் நமது முறை என்று நினைத்து உள்ளே பாய்பவர்கள் அநேகர். டிரம்மர் வாசிக்கும் நான்கு பாரிலும் சேஞ்சஸ் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

முடிப்பதற்கு மெலடி வாசிப்பவரைப் பாருங்கள். கடைசி நான்கு பாரை மூன்று முறை திருப்பி வாசித்து, மூன்றாவதில் இறுதி ஸ்வரத்தை நிறுத்திப் பிடிப்பது மிகப் பரவலான முடிவு. அவர் கையை உயர்த்தினால் பிடித்துக்கொள்ளுங்கள், இறக்கினால் நிறுத்துங்கள்.

இடம் தவறிவிட்டால்

நிறுத்துங்கள். ஊகித்து வாசித்துக்கொண்டே போனால் மற்றவர்களையும் இழுத்துவிடுவீர்கள். நான்கு பார் மௌனம் கேட்பவருக்குத் திட்டமிட்ட இடைவெளியாகவே தோன்றும். அந்த நேரத்தில் பேஸின் கீழ் ஸ்வரத்தைக் கேளுங்கள், பாரின் முதல் பீட்டில் பெரும்பாலும் மூல ஸ்வரம் விழும். டிரம்மர் எட்டுப் பாரின் முடிவில் ஏதாவது உருட்டுவார், அதன்பிறகு சிம்பல் விழும் இடம் ஒரு பகுதியின் தொடக்கம். நடுப்பகுதியின் முதல் கார்ட் பொதுவாக வித்தியாசமாக இருக்கும், அதற்காகக் காத்திருக்கலாம். எதுவும் பிடிபடவில்லையென்றால் அடுத்த கோரஸின் தொடக்கம் வரும்வரை பொறுத்து உள்ளே வாருங்கள். மேடை முழுவதுமே சிதறிவிட்டால் தெளிவாக இருக்கும் ஒருவர் மெலடியின் முதல் வரியை உரக்க வாசிப்பார். அவர் சரியோ தவறோ, எல்லோரும் அங்கே போய்விட வேண்டும்.

தெரியாத பாட்டை அழைத்தால் "இதை நான் கேட்கிறேன்" என்று சொல்லி ஓரமாக நில்லுங்கள். ப்ளூஸ் என்றால் ஹெட் தெரியாவிட்டாலும் சோலோ எடுக்கலாம்.

முடிந்ததும் வீட்டு இசைக்குழுவுக்கு நன்றி சொல்லுங்கள், உண்டியல் வைத்திருந்தால் ஏதாவது போடுங்கள். வாசித்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதை எல்லோரும் கவனிப்பார்கள். இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அழைக்கப்பட்ட பாட்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோனை மேசையில் வைத்துப் பதிவு செய்திருந்தால் இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள், அன்றிரவே வேண்டாம். பதிவில் தேட வேண்டியவை: எந்தப் பாரில் விரைந்தீர்கள், எங்கே இடைவெளியே விடவில்லை, உங்கள் எண்ணிக்கைக்கும் இசை உட்கார்ந்த வேகத்துக்கும் எவ்வளவு வித்தியாசம். ஐந்தாவது பாட்டை உங்கள் குறிப்பிலிருந்தே தேர்ந்தெடுங்கள்: அன்று இருமுறை அழைக்கப்பட்டு, இருமுறையும் நீங்கள் ஓரமாக நின்ற பாட்டு எதுவோ அது.